பலகையின் வலது மூலை

எர்ணாவூர் குடியிருப்பில் வரதனுக்கு இரண்டு பெயர். பகலில் கன்டெய்னர் யார்டில் அவன் சூப்பர்வைசர் வரதன். சாயங்காலம் ஆனால் வரதண்ணா. முதல் பெயருக்குச் சம்பளம் வந்தது. இரண்டாவது பெயருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஆனாலும் குடியிருப்புக்குள் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது அந்த இரண்டாவது பெயரை வைத்துத்தான்.

கால்வாய்க்கரையிலிருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கிய வருடம், பிள்ளைகள் பழைய பள்ளிக்கும் போக முடியாமல் புதுப் பள்ளியிலும் சேராமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தன. வரதன் தோஸ்துகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு தன் பிளாக்கின் கீழ்க்கூடத்தில் ஒரு கரும்பலகையை மாட்டினான். படிப்பகம் என்று பெயர் வைத்தார்கள். காசு வாங்குவதில்லை என்பது முதல் சட்டம். அதை எல்லாரும் சேர்ந்து போட்டார்கள். இரண்டாவது சட்டம் வரதனின் சொந்தச் சரக்கு.

யாராவது சந்தேகம் கேட்டால், அவர் பெயரைப் பலகையின் வலது மூலையில் கட்டம் கட்டி எழுதுவார்கள். அன்றைக்கு வரதன் விளக்கிச் சொல்வான். மறுநாள் சாயங்காலம் அந்தப் பெயருக்கு உரியவர் எழுந்து வந்து, சாக்பீஸை வாங்கி, அதே கணக்கை மற்ற எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும்.

"கேட்டவன்தான் சொல்லித்தரணும். அப்பதான் மண்டைல குந்தும்" என்பான் வரதன்.

ஆரம்பத்தில் குந்தவும் செய்தது. மூலையில் தன் பெயர் வரவேண்டும் என்று பிள்ளைகள் அடித்துக்கொண்ட காலம் உண்டு. அப்படி நின்று பேசப் பழகிய ஒருத்தி இன்றைக்கு வங்கியில் இருக்கிறாள், ஒருவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஏப்ரல் பதினாலு விழாவில் அவர்களை மேடையேற்றிச் சால்வை போடும்போது வரதனின் கண் கலங்கும். அதைத் துடைக்கவும் மாட்டான், நாலு பேர் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவான்.

நாளடைவில் கூட்டம் பெருகியது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். மூலைக் கட்டத்தில் பெயர் விழுவது குறைந்தது. இந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்து கட்டம் சுத்தமாகக் காலி.

டீக்கடையில் வரதன் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

"இப்பல்லாம் ஒருத்தனுக்கும் டவுட்டே வர்றதில்ல மாமு. பாடம் அப்பிடிப் போவுது."

இப்படிப்பட்ட சமயத்தில்தான் அவன் மகள் மகிழினி, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயிலாகி வீட்டுக்கு வந்தாள்.

மற்ற பாடங்களில் குறையில்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டதோ கப்பல் இன்ஜினியரிங். மொட்டை மாடியில் நின்றால் தெரியும் கப்பல்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை. கணக்கில்லாமல் அந்தப் படிப்பின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. பொதுத்தேர்வு மார்ச்சில். பொங்கல் தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை நெத்திலி ஆய்ந்துகொண்டே ரமாபாய் பேச்சை எடுத்தாள். அவள் தண்டையார்பேட்டையில் மாநகராட்சி டிஸ்பென்சரியில் நர்ஸ். ஊசி போடுகிறவள் பேசுவதுபோலத்தான் பேசுவாள், வலிப்பதற்குள் முடித்துவிடுவாள்.

"இந்தா பாருய்யா. மகிக்கு ஒரு டியூஷன் வெச்சுடலாம்."

வரதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். "டியூஷனா? நான் இன்னாத்துக்கு கீறேன்?"

"நீ கீற. நீ இருந்துகினுதான் அது ஃபெயிலாயி வந்து நிக்கிது."

"ரமா, ரோசன பண்ணித்தான் பேசுறியா? வரதன் பொண்ணே காசு குட்து டியூஷனுக்குப் போவுதுன்னா, அப்பால எவன் தன் புள்ளைய படிப்பகத்துக்கு அனுப்புவான்? ஊரான் புள்ளைக்கு ஓசிப் பாடம், இவன் புள்ளைக்கு மட்டும் ஸ்பெஷலான்னு கேக்க மாட்டான்?"

"கேட்டா கேக்கட்டும்."

"சொம்மா சொல்லிடுவ. எத்தினி வருசமா கட்டிக் காப்பாத்திகினு வந்துகீறேன். ஒரே நாள்ல பேரு கலீஜாயிடும்." கொஞ்சம் நிறுத்தி, கையில் வைத்திருந்த துருப்புச் சீட்டை இறக்கினான். "நம்ம அறிவு கீறானே, அவன் போறானா டியூஷனுக்கு? அவனும் அதே கூடத்துலதான் குந்திகினு கீறான். கணக்குல தொண்ணூறு. கேரம் கோச்சிங்குக்கும் போய்க்கினே அத்தினி மார்க்கு வாங்குறான்."

அறிவு என்பவன் பக்கத்து பிளாக் பையன். வரதனின் நடமாடும் விளம்பரம். அவன் பெயரைக் கேட்டதும் ரமாபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போடுவதில் மும்முரமானாள். அவள் வாயை அடைத்துவிட்டதாக வரதன் நினைத்துக்கொண்டான்.

உள்ளேயிருந்த மகிழினியைக் கூப்பிட்டான்.

"இன்னாம்மா புரியல ஒனக்கு?"

"எல்லாம் புரியுது நைனா."

"அப்பால ஏன் மார்க்கு வர்ல?"

"தெரியல நைனா."

சரி, நானே தனியாக உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்று வரதன் கிளம்பினான். மறுநாளிலிருந்து படிப்பகம் முடிந்து வந்த கையோடு கட்டிலில் மகளை எதிரே உட்கார வைத்துக்கொண்டான். அவன் ஒவ்வொரு வரியாகப் போட்டுக்கொண்டே போக, அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கைப் போடச் சொன்னால் முதல் வரியோடு பேனா நின்றுவிடும். இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் கத்தினான்.

"புரியுதா இல்லியா? வாயத் தொறந்து சொல்லு!"

"புரியுது நைனா" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

ரமாபாய் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்டி தலையாட்டுது பாத்தியா? ஒன் படிப்பகத்துல கத்துகினது" என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பலகை மூலைல எல்லா புள்ளைங்க பேரையும் எய்துவியே. மகி பேர எப்பனா எய்திக்கீறியா?"

வரதன் யோசித்துப் பார்த்தான். எழுதியதில்லை. மகிழினி ஆறாம் வகுப்பிலிருந்து அந்தக் கூடத்தில் உட்காருகிறாள். ஒருதரம்கூட எழுதியதில்லை. அதையும் அவன் இத்தனை காலம் பெருமைக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தான்.

மறுநாள் யார்டில் அவனுக்கு வேலை ஓடவில்லை. வந்து இறங்கும் பெட்டிகளின் கதவில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவன் உத்தியோகம். சீல் சரியாக இருந்தால் உள்ளே சரக்கும் சரியாக இருப்பதாக அர்த்தம். திறந்து பார்க்கிற வழக்கமில்லை. அன்றைக்கு ஒரு பெட்டியின் முன்னால் பேனாவைத் திறந்துகொண்டு அவன் நின்ற நிலையைப் பார்த்து டிரைவர் ஹாரன் அடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "வெச்சித் தொல. ஆனா இந்த ஏரியாவுல வேணாம். திருவொத்தியூர்லயும் வேணாம், தண்டையார்பேட்டையிலயும் வேணாம். நம்மாளுங்க கண்ணுல படாத எடமா பாரு."

"பெரம்பூர்ல ஒரு மிஸ் கீறாங்க. தஸ்னீம்னு பேரு. எம்.எஸ்ஸி. கணக்கு. சனி ஞாயிறு காலைல வூட்லயே எடுக்குறாங்க."

"யார் சொன்னா?"

"டிஸ்பென்சரில பேசிக்கினாங்க" என்றாள் ரமாபாய், மடிக்கும் துணியைப் பார்த்துக்கொண்டே. புருஷன் முகத்தைப் பார்க்காமல் அவள் பேசுவது அபூர்வம். வரதன் அதைக் கவனிக்கவில்லை. அவன் மனசு பெரம்பூரை அளந்துகொண்டிருந்தது. விம்கோ நகரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் போகவேண்டும். வேறு சமயமாக இருந்தால் பெண்பிள்ளை எப்படித் தனியாகப் போகும் என்று குதித்திருப்பான். இப்போது அந்தத் தொலைவுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. எர்ணாவூர்க்காரனுக்குப் பெரம்பூரில் என்ன வேலை? ஒரு குருவிக்கும் தெரியாது.

ஆனாலும் வாராவாரம் தாயும் மகளும் எங்கே போகிறார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே. பெரம்பூரில் ரமாபாய்க்கு ஒரு சித்தி இருந்தாள். நல்ல திடகாத்திரமான பெண்மணி. வரதன் அவளை மாடிப்படியில் உருட்டிவிட்டுக் காலை உடைத்தான். எல்லாம் வாயாலேதான். குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவியது.

"சித்தி கால் இப்ப எப்டி கீதுண்ணா?" என்று கேட்பாள் பூவம்மா. அவள் மகள் யசோதராவும் பிளஸ் டூதான், படிப்பகத்தில் மகிழினிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள்.

"மாவுக்கட்டு போட்டுகீறாங்கம்மா. நாளாவும்."

"பாவம்ணா. நல்லா பாத்துக்கச் சொல்லுங்க." பூவம்மாவின் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"யசோதரா எங்கம்மா, சனி ஞாயிறுல கண்ணுலயே படல?"

"தையல் கிளாசுக்குப் போவுதுண்ணா."

"நல்லது, நல்லது. கைத்தொழில் ஒண்ணு தெரிஞ்சிருக்கணும்" என்று வரதன் வாழ்த்தி அனுப்பினான்.

மகிழினி போக ஆரம்பித்துச் சில வாரங்கள் ஓடின. அவள் திரும்பி வரும்போது பசி பசி என்று வந்தாள், இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். வரதன் எதுவும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தான் ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. படிப்பகத்தில் வழக்கம்போலப் பாடம் எடுத்தான், மகிழினி வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தது. ரமாபாய்க்கு முகாமில் டூட்டி. காலையில் மகளைக் கொண்டுபோய் விட்டவள், போனில் சொன்னாள். "நீ போய்க் கூட்டிகினு வந்துடுய்யா. பெரம்பூர் ஸ்டேஷன்லருந்து கிட்டதான். பச்சை கேட்டு, மாடி. நீ மேல ஏறாத, கீய நின்னு போன் அடி."

மேலே ஏறாதே என்று சொன்னதால்தானோ என்னவோ, வரதன் ஏறினான்.

படிக்கட்டு குறுகலாக இருந்தது. படிக்கு இரண்டு மூன்று ஜோடியாகச் செருப்புகள். ஒரு வளைவு திரும்பியதும் மேலேயிருந்து குரல் கேட்டது.

"மிஸ், மிஸ், இருங்க! இருங்க மிஸ்! மைனஸ் எப்டி பிளஸ்ஸாச்சு? எனக்குப் புரியல."

பெண் குரல். சாதாரணக் குரல் இல்லை, மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற கனம் அதில் இருந்தது. யார் வீட்டுப் பெண்ணோ, மைனஸ் பிளஸ்ஸாகக்கூடத் தெரியாமல் பிளஸ் டூ வரைக்கும் வந்துவிட்டதே, எட்டாம் வகுப்புச் சமாச்சாரமாயிற்றே என்று வரதனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. அது மகிழினியின் குரல்.

"இது எட்டாவதுல விட்டுப்போச்சு போல. பரவால்ல, அங்கேர்ந்தே வருவோம்" என்றது இன்னொரு குரல். தஸ்னீம் மிஸ்ஸாக இருக்கவேண்டும். குரலில் சலிப்பில்லை.

"மிஸ், எனக்கு அதுக்கு முந்தின வரியே புரியல" என்றான் ஒரு பையன்.

சிரிப்பு எழுந்தது. "டேய் கேரம், அப்ப நீ எத்த புரிஞ்சிகினு தொண்ணூறு வாங்கின?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இங்க கேட்டுகினுதான்டி."

வரதன் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பையன் அறிவு. கேட்டவள் தையல் கிளாஸ் யசோதரா. காலடியில் கிடந்த செருப்புகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். அதில் பாதி, தினமும் சாயங்காலம் படிப்பகத்து வாசலில் கிடக்கும் செருப்புகள்.

சத்தம் போடாமல் இறங்கி வந்தான். எதிரே இருந்த டீக்கடையில் ஒரு கிளாஸை வாங்கி வைத்துக்கொண்டு நின்றான். கோபம்தான் முதலில் வந்தது. முழுசாகக் கோபப்படுவதற்குள் வெட்கம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. வகுப்பு விட்டுப் பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் ஒளிந்துகொண்டது வரதன்தான். டீக்கடைச் சுவர்ப்பக்கம் திரும்பி, முகத்தை கிளாசுக்குள் விட்டுக்கொண்டான். அறிவும் யசோதராவும் அவன் முதுகுக்குப் பின்னாலேயே கதை பேசிக்கொண்டு போனார்கள்.

மகிழினி மட்டும் அம்மாவுக்காக கேட் அருகில் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நைனா? நீயா வந்த? எத்தினி நேரமா நிக்கிற?"

"இப்பதான்மா."

பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் வரதனுக்குப் பேச்சு வந்தது. ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மேல அத்தினி சத்தமா டவுட் கேக்குறியே. நம்ம படிப்பகத்துல ஏம்மா வாயே தொறக்க மாட்டேங்குற?"

மகிழினி குனிந்துகொண்டாள். பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"நான் கோச்சிக்க மாட்டேன். சொல்லு."

"கேட்டா மறுநாள் பலகைகிட்ட நிக்கணுமே நைனா."

"நின்னா இன்னா?"

"நீ ஒரு தபா சொன்னா எனக்குப் பாதிதான் புரியும். அத்த வெச்சிகினு மத்தவங்களுக்கு நான் எப்டி சொல்லித்தர்றது? நடுவுல நிப்பேன். வாசல்ல அத்தைங்கல்லாம் பாத்துகினு இருப்பாங்க." கொஞ்சம் தயங்கினாள். "வரதன் பொண்ணுக்கே தெரியலன்னு பேசுவாங்க. ஒனக்குத்தானே நைனா அசிங்கம்? அதான் புரிஞ்சிடுச்சின்னு சொல்ட்டு இருந்துட்டேன்."

"மத்த புள்ளைங்க?"

"அவுங்களும் அப்டித்தான்."

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். கொருக்குப்பேட்டை தாண்டும்வரை வரதன் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். மகளுடைய வாயைக் கட்டிப்போட்டது தான்தான் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைவிட வலித்தது, அவள் அதைத் தனக்காகத் தாங்கிக்கொண்டாள் என்பது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை அப்பன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மைனஸ் பிளஸ் தெரியாமல் போயிருக்கிறது.

வீட்டில் ரமாபாய் முகாம் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"மேல ஏறிட்டியா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"பூவம்மாக்காதான் அந்த மிஸ்ஸ எனக்குச் சொன்னதே. அவுங்க பொண்ணுதான் மொதல்ல போச்சு. நம்ம ஏரியா வேணாம், அண்ணன் கண்ணுல பட்டா மனசு கஷ்டப்படும்னு அவ்ளோ தூரத்துல புட்சாங்களாம். அப்பால அறிவு அம்மாக்குச் சொல்லிக்கீறாங்க. எல்லாருக்கும் தெரியும்யா. ஒனக்கு மட்டுந்தான் தெரியாது."

"அப்ப சித்தி கால்?"

"அத்த கேட்டுட்டு பூவம்மாக்கா எங்கிட்ட வந்து சிரிச்சிட்டுப் போனாங்க."

வரதன் தரையில் உட்கார்ந்தான். "அப்ப அதுங்க சாயங்காலத்துல படிப்பகத்துக்கு இன்னாத்துக்கு வருதுங்க ரமா?"

ரமாபாய் எதையும் சுற்றி வளைப்பவள் இல்லை. "ஒண்ணா குந்திப் படிக்க ஒரு எடம் வோணும்ல. அப்பால, வர்லன்னா நீ ஒடஞ்சி பூடுவன்னு" என்றாள். சொன்ன பிறகு அவன் தோளில் கையை வைத்தாள்.

ஊருக்குத் தெரிந்தால் படிப்பகம் கவிழ்ந்துவிடும் என்று அவன் மகளைப் பெரம்பூர் வரை கொண்டுபோய் ஒளித்தான். அவனுக்குத் தெரிந்தால் அவன் கவிழ்ந்துவிடுவான் என்று ஊரே தன் பிள்ளைகளைப் பெரம்பூரில் ஒளித்திருந்தது. நினைக்க நினைக்க வரதனுக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் படிப்பகத்துக்குப் போனான். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. கூடம் நிறைந்திருந்தது. வாசலில் பூவம்மாவும் இன்னும் சிலரும். மகிழினி கடைசி வரிசையில். அறிவு முன்வரிசையில், காலையிலிருந்து கேரம் ஆடிக் களைத்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு.

இன்டெக்ரேஷனில் ஒரு கணக்கை எடுத்துப் பலகையில் கடகடவென்று போட்டான். எப்போதும் போடுகிறதுதான், கைக்குத் தானே தெரியும். முடித்துவிட்டுத் திரும்பி, "புரிஞ்சுதா?" என்றான்.

"புரிஞ்சிதுண்ணா!"

கூடம் அதிர்ந்தது. அறிவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே. சாயங்காலத்து டீயைப்போல இந்தக் கோரஸ் வரதனுக்குத் தினமும் வேண்டியிருந்தது. இன்றைக்குத்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டான். வலது மூலையைப் பார்த்தான். காலிக் கட்டம்.

சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"பெரம்பூருக்குப் போற புள்ளைங்க" என்று ஆரம்பித்தான். வாசலில் பூவம்மா சுவருக்குப் பின்னால் ஒதுங்கினாள். "அடுத்த வாரத்துலருந்து எல்லாரும் ஒண்ணா போங்க, ஒண்ணா வாங்க. மகிழினியும் அங்கதான் வர்றா, ஒங்களுக்கே தெரியும். பேசின் பிரிட்ஜுல வண்டி மாறசொல்லோ ஒருத்தர ஒருத்தர் வுட்டுட்டு ஓடாதீங்க. இந்தக் கேரம் கோச்சிங்கு, தையல் கிளாஸு, எங்க சித்தி காலு, எல்லாம் போதும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அறிவு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"டியூஷன் போறது தப்பில்ல. ஒளிஞ்சிகினு போனதுதான் தப்பு. மொதல்ல ஒளிச்சி வெச்சவன் நான்தான்னு நெனச்சேன், அதுலயும் நீங்க என்ன முந்திகினீங்க." இப்போது எல்லாரும் சிரித்தார்கள். வரதன் சிரிக்கவில்லை. பலகையைக் காட்டினான். "இப்ப சொல்லுங்க. இந்தக் கணக்கு புரிஞ்சுதா?"

மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. இந்த மௌனம்தான் இத்தனை மாதமும் கோரஸாக வந்துகொண்டிருந்தது என்று வரதனுக்குத் தோன்றியது.

"புரியல நைனா."

கடைசி வரிசையில் மகிழினி எழுந்து நின்றாள். அவன் முகத்தையே பார்த்தாள், கோபம் வருகிறதா என்று.

"எந்த வரிம்மா?"

"ரெண்டாவது வரி. மொத வரில மேலயும் கீயவும் ஒரு நம்பர் போட்ட. ரெண்டாவது வரில அது ரெண்டும் மாறிப்போச்சு. ஏன் மாறுது?"

"இந்த மாதிரிக் கணக்குல மாத்தணும்மா."

"அதான் நைனா, ஏன் மாத்தணும்?"

வரதன் பலகைப் பக்கம் திரும்பினான். அந்த வரியை அவன் எத்தனை வருடமாகப் போடுகிறான்! தான் பிளஸ் டூ படித்தபோது, அங்கே அப்படி மாற்றினால்தான் மார்க்கு என்று வாத்தியார் சொன்னார். அவன் மாற்றினான், தேறினான். ஏன் என்று அவரைக் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அந்தப் பயம் வேறு எந்தப் பிள்ளைக்கும் இருக்கக் கூடாது என்றுதான் அந்த மூலைக் கட்டத்தையே கண்டுபிடித்தான்.

"எனக்கும் தெரியாதும்மா" என்றான்.

கூடம் திகைத்துப் போனது. பூவம்மா சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வரதன் சாக்பீஸை எடுத்தான். வலது மூலைக்குப் போய், மங்கிப்போயிருந்த கட்டத்தின் கோடுகளை மறுபடி அழுத்தி வரைந்தான். உள்ளே எழுதினான்: வரதன்.

அறிவு மெதுவாகச் சொன்னான். "அண்ணா, சட்டப்படி நாளைக்கு நீங்கதான் சொல்லித்தரணும்."

"தெரியும்டா. சட்டம் போட்டவனே நான்தான்" என்றான் வரதன்.

எல்லாரும் கிளம்பிய பிறகு கூடத்தைப் பூட்டிக்கொண்டு அப்பாவும் மகளும் படியேறினார்கள். காலையில் யார்டில் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பெரம்பூர் போய்வர வேண்டும் என்று வரதன் முடிவு செய்திருந்தான். இரண்டாவது மாடி வளைவில் நின்றான். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.

"மகி, அந்த மிஸ்ஸாண்ட நான் போய் டவுட் கேட்டா கோச்சிக்குவாங்களா?"

"கோச்சிக்கல்லாம் மாட்டாங்க நைனா" என்றாள் மகிழினி. "மறுநாள் பலகைகிட்டயும் கூப்ட மாட்டாங்க."